மாதர் சங்கமும் நம் கடமையும்

(செய்யாற்றில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்கு இடப்பட்ட பொருள் 'மாதர் சங்கம்' என்பது. நம் சங்கத்தின் சார்பில் மாதர்க்கென ஒரு சங்கம் காணவேண்டும் என்னும் தீர்மானம் இன்று பிற்பகல் உங்கள் முடிவுக்கு வரவிருக்கின்றது. அதற்கு முன், மாதர் சங்கங்கள் நம் நாட்டில் எவ்வாறு தோன்றின, அவை யாது செய்தன என்பவற்றைச் சிறிது எடுத்துரைக்குமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். யாம் சரித்திர ஆராய்ச்சியாளர் அல்லேம். பள்ளியில் இலக்கணம் கற்பிக்கும் தொழிலுடையோம். ஆயினும் இப்பொருள் எம் இல்லத்தையும் தொட்ட பொருளாதலின் மறுத்தற்கு மனம் ஒருப்படவில்லை. அஃது எவ்வாறு என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

நாம் கூடியிருக்கும் இச்செய்யாறு, திருவோத்தூர் என்னும் பழம்பதியைத் தன்னகத்தே கொண்டது. திருஞானசம்பந்தர் இங்கெழுந்தருளிய காலத்து நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் வரலாற்றை நம்மூர்ச் சிறுவரும் அறிவர். அடியார் ஒருவர் நட்டு வளர்த்த பனைகள் யாவும் ஆண்பனைகளாகவே நின்றன. கண்டோர் நகைத்தனர். அடியார் வருந்தி முறையிட, சம்பந்தர் பதிகம் பாடினார், பனைகள் குலையீன்றன. இவ்வரலாற்றைப் பத்தியுடையார் பத்தியாற் கொள்க. யாமோ இதன்கண் மற்றொரு குறிப்பும் காண்கின்றோம். ஆண்பனை மட்டும் நின்ற தோப்புக் காய்க்கவில்லை. எத்துணை உயர்ந்து வளரினும் பயனில்லை என்று நட்டவரே வருந்தினார். நம் சங்கமும் பல்லாண்டாக ஆண்பனைத் தோப்பாகவே வளர்ந்து வந்துள்ளது அன்றோ?

இப்போது மாதர்க்கு ஒரு சங்கம் காண முன்வந்தோம், நன்று. ஆயின் தீர்மானத்தின் வரைவைப் படித்தபோது இரண்டு விதிகள் எம் நெஞ்சை உறுத்தின. மாதர் சங்கத்தின் செயலாளரை நம் நிருவாகக் குழுவே நியமிக்கும் என்பது ஒன்று. அதன் வரவு செலவு நம் பொருளாளர் கையில் இருக்கும் என்பது மற்றொன்று. இவ்விரு விதிகளும் நல்லெண்ணத்தால் எழுதப்பட்டனவே, ஐயமில்லை. எனினும் இவை தகுமா தகாவா என்பதை முன்னோர் வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

நூறாண்டுக்கு முற்பட்ட சென்னையை நினைத்துப் பாருங்கள். சகோதரி சுப்புலட்சுமி என்று பிற்காலத்தார் போற்றிய அம்மையார் 1886-ஆம் ஆண்டிற் பிறந்தவர். இளமையிலேயே மணம் செய்விக்கப்பெற்று, அவ்விளமையிலேயே கைம்மையும் எய்தியவர். அக்காலக் கைம்பெண்ணுக்கு உலகம் வைத்திருந்தது வீட்டின் ஒரு மூலை. அம்மூலையில் அவரை இருத்தாமற் படிப்பித்தனர் பெற்றோர். 1911-இல் பட்டம் பெற்றார். அதற்கடுத்த ஆண்டிலேயே, அஃதாவது 1912-இல், சாரதா மாதர் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் தொடக்கத்திற் செய்தது யாது? பெண்கள் கூடினர், சொற்பொழிவு கேட்டனர், தமக்குள் ஆராய்ந்து பேசினர். அவ்வளவே. வெளியே நின்று பார்த்தவர்க்கு அது பொழுதுபோக்காகவே தோன்றியிருக்கும்.

ஆயின் கூடிப் பேசியவர்க்குத் தம் வீட்டுத் துன்பம் தம் வீட்டோடு நிற்பதன்று என்பது புலனாயிற்று. ஒவ்வொரு தெருவிலும் ஓர் இளங்கைம்பெண் இருந்தாள். அத்தகைய சிறுமியரைத் தம்மிடத்து வைத்துப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கினார் சுப்புலட்சுமி அம்மையார். அரசாங்கக் கல்வித் துறையின் உதவியும் கிட்டியது. கடற்கரையில், முன்னொரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடம் அப்பெண்களின் விடுதியாயிற்று. அங்குத் தங்கிப் பயின்ற பலர் ஆசிரியைகளாயினர். 1922-இல் லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தோன்றியபோது அதன் தலைமையை அவ்வம்மையாரே ஏற்றனர். முதுமையிலும் அவர் ஓய்ந்திலர். அவர் ஈடுபட்டிருந்த மயிலாப்பூர் மாதர் சங்கம் 1956-இல் 'வித்யா மந்திர்' என்னும் பள்ளியை நிறுவிற்று. அப்பள்ளி இன்றும் நடைபெறுகின்றது. கைம்பெண்ணின் முகத்தில் விழித்தலே தீநிமித்தம் என்று கருதிய நாட்டில், ஒரு கைம்பெண்ணின் கைபட்டு இத்துணைப் பள்ளிகள் எழுந்தன என்பதை எண்ணுமின்!

இனி, அடையாற்றிற்குச் செல்வோம். 1917-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் அங்கு இந்திய மாதர் சங்கம் தோன்றிற்று. அன்னி பெசண்ட் அம்மையார் தலைவர். அயர்லாந்து நாட்டினரான மார்கரெட் கசின்ஸ் அம்மையாரும், டாரதி ஜினராஜதாச அம்மையாரும் அதனை நிறுவுவதில் முன்னின்றனர். அவ்வாண்டு டிசம்பரில் இந்தியா மந்திரி மான்டேகு துரை சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு அம்மையார் தலைமையில் மாதர் குழுவொன்று அவரைக் கண்டு, ஆடவர்க்கு வாக்குரிமை அளிக்குங்கால் பெண்டிர்க்கும் அளித்தல் வேண்டும் என்று கேட்டது. சங்கம் பிறந்து எட்டுத் திங்களும் நிரம்பவில்லை. அதற்குள் அரசாங்கத்தின் முன் நின்று உரிமை கேட்டது! மறு ஆண்டில் 'ஸ்திரீ தர்மம்' என்னும் பத்திரிகையையும் தொடங்கிற்று. அதில் ஆங்கிலத்தோடு தமிழ் முதலிய நம் மொழிப் பகுதிகளும் இடம்பெற்றன.

இலண்டன் அரசாங்கம் அவ்வுரிமையை நேரே வழங்காமல் மாகாணச் சட்டசபைகளின் விருப்பத்திற்கு விட்டது. 1921-இல் சென்னைச் சட்டசபை, பிற மாகாணங்களுக்கு முன்னோடியாகப் பெண்டிர்க்கு வாக்குரிமை அளித்தது. சொத்துத் தகுதி உடையார்க்கே அவ்வுரிமை கிட்டியமையின் அதனைப் பெற்ற பெண்டிர் மிகச் சிலரே. எனினும் ஈண்டு நாம் கருதற்குரியது ஒன்றுண்டு. அன்று அச்சபையில் ஒரு பெண்ணும் இல்லை. கை தூக்கியவர் அனைவரும் ஆடவரே. பெரியீர்களே! இன்று பிற்பகல் கை தூக்கவிருப்போரும் ஆடவரே என்பதை நினைவிற் கொள்ளுமின்.

அச்சங்கத்தின் வரலாற்றில் மணிமுடி போன்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர். பெண் கல்லூரிக்குச் செல்வதா என்று ஊரார் முணுமுணுத்த காலத்தில், மன்னர் இசைவின்பேரில் ஆண்கள் கல்லூரியில் இடம்பெற்றுப் படித்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். மாதர் சங்கத்தார் வற்புறுத்தியதன் பேரில் 1926-இல் சட்டசபைக்கு நியமிக்கப் பெற்றார். அச்சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப் பெற்றார். கோயில்களிற் சிறுமியரைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அப்போராட்டம் முழுச் சட்டமாக முடிந்தது 1947-இல். இருபது ஆண்டு! குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறியதன் பின்னணியிலும் மாதர் சங்கங்களின் ஓயாத முயற்சி இருந்தது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று அச்சட்டம் வகுத்த வயது, 1978-இல் பதினெட்டு, இருபத்தொன்று என்றாயிற்று.

சட்டம் செய்தலோடு அம்மையார் நிற்கவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கினின்று தப்பி வந்த பெண்கள் சிலர் அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் தயங்கின. 'நீங்கள் பேசிய பேச்சை நம்பி வந்தோம்' என்று வந்து நிற்போரை என் செய்வது? தம் வீட்டிலேயே இடமளித்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்து அடையாற்றில் இன்றும் நிலவுகின்றது.

அவர்தம் தங்கையார் புற்றுநோயால் மாண்டார். மருத்துவராகிய தமக்கை அருகிருந்தும் காத்தற்கு வழியில்லை. அத்துயரத்தை அவர் மறந்திலர். மாதர் சங்கத்தின் வாயிலாகப் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டினார். அத்தகைய மருத்துவமனை வேண்டும் என்றபோது நம்பிக்கை வைத்தோர் அரியர். நோய் தீராதது, பணம் வீண் என்பதே பலர் கருத்து. 1952-இல் நேரு அவர்கள் அடிக்கல் நாட்டினார். 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிற்று. அம்மையாரின் மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அவரோடு டாக்டர் சாந்தா அம்மையாரும் தம் வாழ்நாளை அதற்கே அளித்தனர். நாடெங்கிலுமிருந்து ஏழையர் இன்று அதனை நாடி வருகின்றனர். அரசர் கட்டியதன்று, வணிகர் கட்டியதன்று, ஒரு மாதர் சங்கம் கட்டியது!

எம் இல்லத்தை இப்பொருள் தொட்டது என்று முன்னர்க் கூறினோம். அதனை இவ்விடத்தே கூறுதல் பொருந்தும்.

எமக்கு ஒரு தமக்கையார் இருந்தார். தந்தையார் மறைந்தபின், தறியருகே அமர்ந்து நூல் இழைத்தும் தார் சுற்றியும் எம்மைப் புலவர் வகுப்பிற் படிக்க வைத்தவர் அவரே. அவருக்கு மார்பில் ஒரு சிறு கட்டி தோன்றியது. ஓராண்டுக்கு மேல் அதனை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. வலி பொறுக்க மாட்டாது ஒருநாள் வாய்விட்டபோது, 'ஏன் அக்கா முன்னமே சொல்லவில்லை?' என்று கேட்டோம். 'உன்னிடம் இதை எப்படித் தம்பி சொல்லுவேன்? வேறு யாரிடம்தான் சொல்லுவேன்?' என்றார். அடையாற்றுக்கு அழைத்துச் சென்றோம். அங்குள்ளார் தம்மால் இயன்ற யாவும் அன்போடு செய்தனர். தொடக்கத்திற் கண்டிருந்தால் தீர்த்திருக்கலாகும் நோய், முற்றிய பின்னரே அவர்கள் கண்ணிற் பட்டது. அது காலந்தாழ்த்த எம் குற்றம். தமக்கையார் மறைந்தார்.

அங்குக் காத்திருந்த நாட்களில்தான் அம்மருத்துவமனையை எழுப்பியது ஒரு மாதர் சங்கம் என்பதை யாம் அறிந்தோம். அறிந்தபோது தலைகுனிந்தோம். ஏனெனில், அதற்கு ஈராண்டு முன்னர் நம்மூர்ப் பெண்கள் சிலர் வாரம் ஒருமுறை கூடிப் பேச ஓர் அறை வேண்டுமென்று கேட்டபோது, 'வம்பளக்க ஓர் அறை வேண்டுமோ?' என்று நகைத்தவருள் யாமும் ஒருவேம். எம் தமக்கையார் அவர்களோடு செல்ல விரும்பியிருந்தார். எம் நகைப்பைக் கேட்டு நின்றுவிட்டார். அவ்வறை இருந்திருந்தால், 'எனக்கு இப்படி ஒரு கட்டி' என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லியிருப்பார். அவள் கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருப்பாள். வம்பு என்று நாம் இகழ்வதன் நடுவே இத்தகைய சொல்லும் இருக்கும் என்பதை யாம் அன்று உணர்ந்திலோம். இன்று உங்கள் முன் நிற்பது அக்கடனைத் தீர்த்தற்பொருட்டே.

இனி, அப்பழைய சங்கங்களின் குறையையும் மறைத்தல் முறையன்று. அவற்றில் முன்னின்றவர் பெரும்பாலும் நகரத்தார். கல்வியும் செல்வமும் உடைய குடும்பத்தார். பல நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன. தறியடியில் இருந்த பெண்ணுக்கு அங்கு நாற்காலி இல்லை. அவளைச் சங்கம் என்னும் சொல் வந்தடைய நெடுநாளாயிற்று. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் அனைத்துலக வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப் பெற்றன; பின்னர்த் தமிழ்நாடெங்கும் பரவின. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் ஒரு குழு. தம் சேமிப்புத் தம் கையில். கணக்கேடு தம் கையில். வங்கியிற் கையொப்பம் தம்முடையது. கைந்நாட்டு வைத்தோர் கையெழுத்திடக் கற்றனர். கடன் கொடுத்து வாங்குவதோடு நின்றுவிடும் குழுக்களும் உள. அஃது ஒரு குறையே. எனினும் பெண்கள் பணத்தைக் காக்க மாட்டார் என்னும் பழைய சொல்லை அக்குழுக்களின் கணக்கேடுகள் பொய்யாக்கின.

இவ்வரலாறுகளை ஒருங்கு வைத்து நோக்கின் ஓருண்மை விளங்கும். சாரதா சங்கமாயினும், இந்திய மாதர் சங்கமாயினும், சிற்றூர்க் குழுவாயினும், அது தன் தலைவியைத் தானே தேர்ந்துகொண்டது; தன் பொருளைத் தானே ஆண்டது; தன் பேச்சைத் தானே பேசிற்று. ஆகவே வேரூன்றிற்று. பிறர் பூட்டித் திறக்கும் பெட்டியில் வைத்த விதை முளைப்பதில்லை.

'பெண்கள் சங்கத்திற்குச் சென்றால் வீட்டை யார் பார்ப்பது?' என்று வினவுவோர் உளர். அவர்க்கு யாம் சொல்வது இது: நம் வீட்டில் நூல் இழைப்பவர் யார்? தார் சுற்றுபவர் யார்? பாவு பிணைக்கும்போது உடனிருப்பவர் யார்? அடுப்பையும் தறியையும் ஒருங்கே பார்த்தவர்க்கு வாரத்தில் ஒரு மணி நேரத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரியும். 'பெண்கள் கூடினாற் சண்டை வரும்' என்பர் சிலர். நம் சங்கத்தின் சென்ற மூன்று தேர்தல்களையும் கண்டவர் இதனைக் கூற நாணுவர்! (நகைப்பு). 'ஆடவர் மேற்பார்வை இல்லையேற் கணக்குத் தவறும்' என்பர் வேறு சிலர். தவறுக, தவறித் திருந்துக. நம் பொருளாளர்களும் தவறித் திருந்தியவர்களே. கேட்கும்போது கணக்கைக் காட்ட வேண்டும் என்பது போதும். கணக்கேட்டையே நாம் வைத்துக்கொள்ளல் வேண்டா.

மற்றும் ஒன்று. 2016-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களிற் செம்பாதி மகளிர்க்கு உரியதாயிற்று. நாட்டின் சட்டம் பெண்ணை நகராட்சியில் அமர்த்துகின்றது. அவள் கூட்டம் நடத்தவும், கணக்குக் கேட்கவும், பலர் முன் அஞ்சாது பேசவும் பழகுவதற்கு இடம் எங்கே? பழகாமல் அமர்பவளின் பின்னே நின்று கணவன் பேசுவான். பிறகு, 'பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது' என்று அவனே சொல்லுவான். பயிற்சிக்களம் நாம் அமைக்கவிருக்கும் இம்மாதர் சங்கமே ஆதல் வேண்டும்.

ஆதலின் இப்பேரவையின் முன் யாம் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது: மாதர் சங்கத்தின் செயலாளரையும் பொருளாளரையும் அதன் உறுப்பினரே தேர்ந்தெடுக்க வேண்டும். நியமனம் என்னும் சொல்லை வரைவினின்று நீக்குமின்.

இரண்டாவது: அவர்களுடைய சந்தா அவர்கள் பெயரிலேயே வங்கியில் இருத்தல் வேண்டும். நம் சங்கம் தரும் நன்கொடை எத்துணைச் சிறிதாயினும் அவர்கள் கையிற் கொடுக்கப் பெறல் வேண்டும்.

மூன்றாவது: இக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பழைய நாற்காலிகளையும் கிழிந்த பந்தல் துணிகளையும் அடைத்து வைத்திருக்கும் அறையை ஒழித்து, வெள்ளையடித்து, அவர்களுக்கு அளிக்க வேண்டும். கூடும் நாளையும் நேரத்தையும் அவர்களே குறித்துக்கொள்வர். அவ்வறையில் அவர்கள் என்ன பேசுகின்றனர் என்று நாம் கேட்க வேண்டா. திங்களுக்கு ஒருமுறை பெண் மருத்துவர் ஒருவர் வந்து அமர்தற்கு வழிசெய்வோமாயின் அதனினும் சிறந்த அறம் பிறிதில்லை. அவ்வறைக்கு வேண்டும் விளக்கும் பாயும் மேசையும் எம் தமக்கையார் நினைவாக யாம் அளிக்கின்றோம்.

நெய்தற்றொழில் நமக்கு உணர்த்துவது யாது? பாவு நீண்டு வலுவாய் நிற்பது. கண்ணுக்கு முன்னே தெரிவது. ஊடையோ குறுக்கே ஓடி மறைவது. ஆயினும் ஊடை ஓடாத பாவு வெறும் நூற்கற்றை; அதனை ஒருவரும் சேலை என்று சொல்லார். நம் சங்கம் இதுகாறும் நீட்டிய பாவு நன்று. இனி ஊடை ஓடுக. நாடாவை அவர்கள் கையிற் கொடுமின்.

திருவோத்தூர்த் தோப்பில் நின்று நகைத்தவர் பெயரை ஒருவரும் அறியார். குலையீன்ற பனையின் வரலாறு மட்டும் நின்றது. நகைத்தவர் வரிசையில் ஒருகால் நின்ற யாம், அவ்வரிசையை விட்டு விலகி வந்து உங்களையும் அழைக்கின்றோம். 

வாழ்க நம் குலம்! வளர்க மாதர் சங்கம்!